பின் சீட்டிலிருந்து எடுத்த படம்

உறை போடாத பொருளைக் கண்டால் அந்த மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. நூலகத்தில் அவருக்கு வேலையே அதுதான். புதிதாக வரும் புத்தகங்களுக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் உறை போடுவார், கிழிந்ததைத் தைப்பார், முதுகில் எண் ஒட்டுவார். இருபத்து மூன்று வருஷமாகச் செய்கிறார், நன்றாகவே செய்கிறார். வேலை முடிந்ததும் கத்தரிக்கோலை அங்கேயே வைத்துவிட்டு வரவேண்டியதுதானே? வர மாட்டார். வீட்டில் டிவி ரிமோட்டுக்கு உறை, டெலிபோனுக்கு உறை, ஃபேன் ரெகுலேட்டருக்கு உறை, உப்பு டப்பாவின் மூடிக்கு உறை. சோபா வந்து ஆறு வருஷமாகிறது. அதன் துணி மெத்தென்று இருக்குமா சொரசொரவென்று இருக்குமா என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. வெயில் காலத்தில் அதில் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் சோபாவும் கூடவே எழுந்து வரப் பார்க்கும். இப்படிப்பட்டவரைச் சொந்தக்காரர்கள் கவர்க்காரர் என்று கூப்பிட்டால் தப்பென்ன? நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அவர் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் வைத்துக்கொண்டு, பதினெட்டு வருஷமாக அதே வேலை. பயந்தவர்கள், அழுதவர்கள், மாமனாரோடு சண்டை போட்டுவிட்டு ரோஷத்தில் கற்க வந்தவர்கள் என்று எத்தனையோ பேர் அவளிடம் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். எல்லோருக்கும் அவள் டீச்சர்.

இந்த டீச்சருக்கு நெடுநாளாக ஓர் ஆசை. பேருந்து ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையத்தில் பயிற்றுநர் ஆகவேண்டும். ஆள் எடுப்பது நாலைந்து வருஷத்துக்கு ஒரு தரம்தான். இந்தத் தடவை விட்டால் வயது தாண்டிவிடும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. அறிவிப்பில் ஒரு புது நிபந்தனை வேறு போட்டிருந்தார்கள். விண்ணப்பிப்பவர் தாம் பாடம் நடத்துவதைப் பத்து நிமிஷத்துக்கு மேற்படாமல் வீடியோ எடுத்து, டிஸ்க்கில் போட்டு, நேரில் கொண்டுவந்து தரவேண்டும். கடைசி நாள் புதன்கிழமை. மாலை ஐந்து மணிக்குக் கவுண்ட்டரை மூடிவிடுவார்கள்.

படம் எடுத்தாகிவிட்டது. கவர்க்காரரிடம் ஒரு பழைய வீடியோ கேமரா இருந்தது. கூட வேலை செய்தவர் விற்றதை மூன்று மாதத்துக்கு முன்பு ஆசையாக வாங்கி வந்திருந்தார், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட் போடுகிற ரகம். ஞாயிற்றுக்கிழமை காரின் பின் சீட்டில் உட்கார்ந்து அவரே எடுத்தார். ஓட்டியவர் மருந்துக்கடைக்கார அம்மா, ஐம்பத்திரண்டு வயது, மூன்று மாதமாக ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் டீச்சரின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தவர். அன்றைக்குத்தான் முதல் தடவையாக இரண்டு கார்களுக்கு நடுவே சரியாக நிறுத்தினார். மறுநாளே மகளின் பிரசவத்துக்கென்று ரயில் ஏறிவிட்டார். ஆக, இன்னொரு தரம் எடுக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருப்பது அந்த ஒரே கேசட்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மச்சினன் வந்தான். டீச்சரின் தம்பி, கடைகளிலும் ஆபீஸ்களிலும் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறவன். அன்றைக்குத்தான் அவனுக்கு லீவு கிடைத்தது. ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரை, வீடியோ வெட்டி ஒட்டுவதற்கென்றே, போன வருஷம் பாகம் பாகமாக வாங்கி வந்து பூட்டிக்கொடுத்தவனும் அவன்தான்.

“கேமரா எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடுக்கா. கேசட்ல இருக்கறதைக் கம்ப்யூட்டர்ல இறக்கறோம், வெட்டறோம், ஒட்டறோம், டிஸ்க்ல போடறோம். மத்தியானம் நீ நிம்மதியாத் தூங்கலாம்.”

“தூங்கறது இருக்கட்டும். முதல்ல இறக்கு” என்றாள் டீச்சர்.

மச்சினன் கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த உறையை உருவினான். உள்ளே இன்னொரு உறை இருந்தது. மாமாவை ஒரு பார்வை பார்த்தான். கவர்க்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேமராவின் கேபிளைச் சொருகும் துளை கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம்தான் இருந்தது. கேபிளோ ஒரு முழம் நீளம். மேஜையைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்துப்போட்டு, அந்தச் சந்தில் யாராவது உட்கார்ந்து கேமராவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மச்சினன் சொன்னான். சொல்லிவிட்டு மாமாவின் இடுப்பைப் பார்த்தான்.

“நீங்கதான் ஒல்லி, மாமா.”

கவர்க்காரர் முக்காலியோடு உள்ளே நுழைந்தார். முதுகுக்குச் சுவர், முழங்காலுக்கு மேஜை. மேஜையின் ஓரத்தில் இரண்டு தடித்த அகராதிகளை அடுக்கி, கேமராவை அவற்றின் மேல் வைத்தார். அங்கிருந்து அவருக்குத் தெரிந்ததெல்லாம் மானிட்டரின் முதுகும் அதற்கு மேலே அக்கா தம்பி இருவரின் நெற்றியும்தான்.

“சொருகிட்டேன்.”

“ஆன் பண்ணுங்க.”

“பண்ணிட்டேன்.”

மௌஸ் இரண்டு தரம் சொடுக்கும் சத்தம் கேட்டது. “கேமரா இல்லைங்குது” என்றான் மச்சினன்.

“இல்லையா? கையிலதானேப்பா இருக்கு.”

“உங்க கையில இருக்கு மாமா. கம்ப்யூட்டருக்குத் தெரியல.”

இப்படித்தான் ஆரம்பித்தது. கழற்றிச் சொருகினார்கள், இல்லை என்றது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள், இல்லை என்றது. மச்சினன் ஏதோ சாஃப்ட்வேரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டான், அப்போதும் இல்லை. கேபிள்தான் போயிருக்கிறது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய் வேறு கேபிள் வாங்கி வந்தான். புதுக் கேபிளும் உள்ளே போகும்போது லேசாக முரண்டு பிடித்து, அப்புறம் போனது. கம்ப்யூட்டர் தன் பேச்சை மாற்றிக்கொள்வதாக இல்லை. தெரிந்த இரண்டு ஸ்டுடியோவுக்கு மச்சினன் போன் போட்டான். ஒன்றில் யாரும் எடுக்கவில்லை. இன்னொன்றில், அந்த மாதிரிக் கேசட் எல்லாம் எங்களிடம் ஓடாது என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

பதினொன்றரை வரை டீச்சர் பொறுத்தாள். அதற்கு மேல் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“யாரோ தூக்கிப்போட வச்சிருந்த கேமராவை வாங்காதீங்கன்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா?”

“நல்லா ஓடற கேமராதாம்மா. ஞாயித்துக்கிழமை எடுத்தோமே, ஓடுச்சே.”

“எடுத்து என்ன பிரயோஜனம்? உள்ளே போனது வெளியே வரல. எல்லாத்தையும் வாங்கி வாங்கிச் சுத்தி வைக்கத் தெரியுது, ஒண்ணையாவது உருப்படியா வாங்கத் தெரியுதா?”

சந்துக்குள் மாட்டிக்கொண்ட மனுஷன் எங்கே போவார்? வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி கத்துவது அவருக்குப் பழக்கம்தான், அது ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போய்விடும். ஆனால் பன்னிரண்டரைக்கு அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். சோபாவில் உட்கார்ந்து, விண்ணப்பத்தின் நகலை மடியில் வைத்துக்கொண்டு, சுவர்க்கடிகாரத்தையே பார்த்தாள். அதுதான் அவரைப் பயமுறுத்தியது. இந்தக் கேமராவால் அவளுடைய ஒரே ஆசை கெட்டுப்போனால், அதற்கு அப்புறம் இந்த வீட்டில் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நடமாடுவது என்று நினைத்தார்.

ஒண்ணேகாலுக்கு மச்சினன் பெருமூச்சு விட்டான்.

“மாமா, கடைசியா ஒண்ணு பண்ணிப் பார்ப்போம். கேசட்டை விடுங்க. கேமராவைப் படம் எடுக்கற மாதிரி வச்சு, லென்ஸ் மூடியைக் கழட்டுங்க. எதிர்ல இருக்கறது இங்கே ஸ்க்ரீன்ல தெரிஞ்சா இணைப்பு சரியாயிடுச்சுன்னு அர்த்தம். அதுவும் வரலைன்னா என்னால ஆகாது.”

கவர்க்காரர் மூடியைக் கழற்றினார். கேபிளை இன்னொரு தரம் எடுத்துச் சொருகலாம் என்று குனிந்தார். அப்போதுதான் பார்த்தார். கேமராவின் பக்கவாட்டுத் துளையின் உள் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு மினுக்கம். வேறு யார் பார்த்திருந்தாலும் வெளிச்சம் பட்டுத் தகரம் மின்னுகிறது என்று விட்டிருப்பார்கள். இருபத்து மூன்று வருஷம் அந்தத் தாளோடு குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாதா? அது தகரமில்லை. நூலகத்தில் அகராதிகளுக்குப் போடுகிற நல்ல கனமான தாள், ஒரு பக்கம் பசை உள்ளது, கத்தரிக்கோலால் வெட்டிய விளிம்பு.

பாவி மனுஷனுக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. கேமரா வீட்டுக்கு வந்த அன்று அதற்கும் கண்ணும் கருத்துமாக உறை போட்டார். உடம்புக்குப் போட்டார், கைப்பிடிக்குப் போட்டார். கேபிள் துளைக்குள் தூசி போகுமே என்று விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, நான்கு மூலையையும் வளைவாக நறுக்கிவிட்டு, துளையின் வாயில் ஒட்டினார். அப்படியே மறந்துபோனார். இன்று காலை கேபிளைச் சொருகியபோது அது உள்ளே போய் மடிந்து உட்கார்ந்துவிட்டது. மூன்று மணி நேரமாக மூன்று பேரை ஆட்டிவைத்தது அவர் கை வேலைதான்.

நல்லவர்தான். ஆனாலும் அந்த நேரத்தில் யாருக்குத்தான் உண்மையைச் சொல்லத் தைரியம் வரும்? எண் ஒட்டும்போது சீட்டைப் பிடிக்கிற குட்டி இடுக்கி, சாமணம், அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்தார், சத்தமில்லாமல் கேபிளை உருவினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தத் துண்டை வெளியே இழுத்தார். கொஞ்சம்கூடக் கிழியாமல் முழுசாக வந்தது. என்ன நேர்த்தியான வெட்டு என்று அரை நொடி பெருமைகூடப் பட்டார். கேபிளைத் திரும்பச் சொருகினார். டக்கென்று உட்கார்ந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனது. அவர் அதைக் கவனிக்கவில்லை, அவர் கவலை அவருக்கு. சாமணத்தின் முனையில் பளபளக்கும் இந்தத் துண்டை என்ன செய்வது? சட்டைப்பையில் போட்டார். சட்டை மெல்லிசு, வெளியே தெரியுமோ என்று குனிந்து பார்த்துவிட்டு எடுத்தார். அகராதிக்கு அடியில் தள்ளப் பார்த்தார், பசையோடு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. விரலை உதறினார், போகவில்லை. இடம் வலம் பார்த்தார். கடைசியில் வேறு வழி தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“இப்போ பாருப்பா. கேபிள் கொஞ்சம் லூஸா இருந்திருக்கு. நான் அசைச்சுச் சரிபண்ணிட்டேன்.”

மச்சினனின் நெற்றி மட்டும் லேசாகக் குலுங்குவது தெரிந்தது.

“வாயைத் திறங்க” என்றாள் டீச்சர்.

அவருக்குச் சுருக்கென்றது. எதிரே பார்த்தார். அகராதி மேல் உட்கார்ந்திருந்த கேமரா, மூடியில்லாத லென்ஸோடு, நேரே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெல்ல எழுந்து மானிட்டருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். முழு ஸ்க்ரீனையும் அடைத்துக்கொண்டு அவருடைய சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன. உட்கார்ந்தால் முகம் தெரிந்திருக்கும். கம்ப்யூட்டர் ஒரு நிமிஷமாகக் கேமரா இருக்கிறது இருக்கிறது என்று காட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. சாமணம், சட்டைப்பை, அகராதி, விரல் உதறல், வாய், ஒன்று விடாமல்.

கையும் களவுமாகப் பிடிபட்ட மனுஷன் திருதிருவென்று முழித்தபடி நாக்கை நீட்டினார். நாக்கின் நுனியில் அந்தத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

மச்சினன் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ மாமா, விழுங்கிடாதீங்க” என்று மட்டும் சொன்னான், மற்றது சிரிப்பில் போயிற்று. கவர்க்காரர் மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்தார். வசவு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். கொஞ்சம் அடங்கியதும், “மூணு மணி நேரம்… மூணு மணி நேரம்…” என்று சொல்லிப் பார்த்து, மறுபடி ஆரம்பித்தாள். அவருக்கும் அசடு வழியச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு பெரிய பாரம் ஒரே நேரத்தில் மூன்று பேர் மேலிருந்தும் இறங்கினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

சிரித்து முடிக்கும்போது மணி ஒன்று நாற்பது. கேசட் விஷயத்தில் அவசரப்பட முடியாது. ஐம்பது நிமிஷம் எடுத்திருந்தால் ஐம்பது நிமிஷமும் ஓடித்தான் கம்ப்யூட்டரில் இறங்கும். கவர்க்காரரைச் சந்திலிருந்து வெளியே வர விட்டார்கள். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஐந்து நிமிஷம் ஓடியதும் டீச்சரின் சிரிப்பு போய்விட்டது.

“ஏங்க, நான் என்ன எடுக்கச் சொன்னேன்?”

“ஸ்டியரிங்கை. பெடலை. கண்ணாடியை.”

“இதுல எங்கே இருக்கு அதெல்லாம்?”

இல்லைதான். ஸ்க்ரீனில் இருந்தது டீச்சரின் முகம். கேமரா ஸ்டியரிங் பக்கம் போகும், இரண்டு நொடி நிற்கும், மெல்ல நகர்ந்து டீச்சரிடம் வந்துவிடும். பெடல் பக்கம் குனியும், உடனே நிமிர்ந்து டீச்சரிடம் வந்துவிடும். சாலை ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தது. மருந்துக்கடைக்கார அம்மாவின் காதும் ஒரு கன்னமும் தெரிந்தன. மற்றபடி ஐம்பது நிமிஷமும் அவள்தான்.

“நான் திருப்பிக்கிட்டேதாம்மா இருந்தேன். அது தானா உன் பக்கம் வந்துடுச்சு.”

“தானா வருமா? கேமராவுக்குக் கால் இருக்கா? பஸ் டிரைவருக்குப் பாடம் எடுக்கற வேலைங்க இது. என் மூஞ்சியை வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?” அவள் குரல் உடைந்தது. “கிளட்ச் எப்படி மிதிக்கறதுன்னு ஒரு இடத்துலகூட இல்ல. இதைக் கொண்டுபோய்க் குடுத்தா சிரிப்பாங்க. குடுக்காமலே இருக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை காரின் பின் சீட்டில் நடந்தது இதுதான். இருபத்தொரு வருஷக் குடித்தனத்தில் மனைவி வேலை செய்வதை அவர் பார்த்ததே கிடையாது. வீட்டில் அவர் காய் நறுக்க உட்கார்ந்தால், குடுங்க இங்கே, நீங்க நறுக்கி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிடும் என்று கத்தியைப் பிடுங்குகிறவள் அவள். எதையும் மற்றவர் கையில் ஒரு நிமிஷம் விட்டுவைக்க மாட்டாள். அதே பெண்மணி காரில் ஏறி உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிட்டாள். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கேமராவைத் திருப்பு திருப்பு என்று மனசு சொன்னாலும் கண் கேட்கவில்லை, கண் போன பக்கம் கையும் போய்விட்டது.

“அக்கா, கொஞ்சம் இரு. இந்த இடத்தைப் பாரு” என்றான் மச்சினன்.

ரிவர்ஸ் எடுக்கும் இடம் வந்திருந்தது. எட்டு நிமிஷம், ஒரே மூச்சில், வெட்டே இல்லாமல் ஓடுகிற துண்டு. மருந்துக்கடைக்கார அம்மாவின் குரல் நடுங்கியது. “டீச்சர், இடிச்சிடுவேன் டீச்சர். ஸ்டியரிங்கைப் பிடிங்க.”

ஸ்க்ரீனில் டீச்சர் அசையவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன. “நான் எதுக்கு? நீங்கதான் பிடிச்சிருக்கீங்களே.”

“தப்பாப் போகுது டீச்சர்.”

“போகட்டும். எந்த இடத்துலேருந்து தப்பாப் போச்சுன்னு மட்டும் பாருங்க. வண்டி நீங்க சொல்றதைத்தான் கேக்கும்.”

அதற்கு அப்புறம் நீண்ட நேரம் பேச்சில்லை. எஞ்சின் சத்தம் மட்டும்தான். டீச்சரின் கண் இடது கண்ணாடிக்குப் போயிற்று, பின்னால் போயிற்று, வலது கண்ணாடிக்குப் போயிற்று, ஒரு நொடி ஓட்டுகிறவரின் முகத்தில் நின்று திரும்பியது. அந்தக் கண்ணைப் பார்த்தாலே கார் எங்கே இருக்கிறது, எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரிந்தது. ஒரு தடவை அவள் புருவம் உயர்ந்தது, வலது கால் பிரேக் பக்கம் போகத் துடிப்பதைத் தோள் காட்டிக்கொடுத்தது, ஆனால் போகவில்லை. கார் நின்றது, முன்னால் போனது, மறுபடி பின்னால் வந்தது. கடைசியில் மருந்துக்கடைக்கார அம்மா அழுகையும் சிரிப்புமாக, “நின்னுடுச்சு டீச்சர், நின்னுடுச்சு” என்றார். டீச்சர் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

ஹாலில் மச்சினன் படத்தை அங்கேயே நிறுத்தினான்.

“பெடலை யார் வேணும்னாலும் எடுத்து அனுப்பலாம்க்கா. இதை முழுசா அப்படியே போட்டுடறேன். முன்னாடி உன் பேரும் பின்னாடி ரோடு தெரியற ஒரு துண்டும் வச்சாப் போதும்” என்றான் மச்சினன்.

டீச்சர் கணவனைப் பார்த்தாள். வீட்டு விஷயம் எதிலும் நீ சொன்னால் சரிதான் என்று ஒதுங்கிக்கொள்கிறவர் அன்றைக்கு ஒதுங்கவில்லை.

“குடுத்துடு” என்றார். “சிரிச்சா சிரிக்கட்டும். குடுக்காம இருக்கக் கூடாது.”

மூன்றரைக்கு வெட்டி முடித்தான். டிஸ்க்கில் ஏற நாற்பது நிமிஷம் பிடித்தது. நாலே காலுக்குக் கிளம்பினார்கள். டீச்சர்தான் ஓட்டினாள். எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று கவர்க்காரர் அப்புறமும் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், கற்றுக்கொடுக்கிறவளே இப்படி ஓட்டலாமா என்று கேட்பார்கள். கவுண்ட்டரில் இருந்தவர் டிஸ்க்கை வாங்கி, விண்ணப்பத்தோடு பின் பண்ணி, ரசீது கொடுத்த பிறகுதான் ஷட்டரை இறக்கினார்.

மூன்று வாரம் கழித்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கவர்க்காரர் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனார். டீச்சர் உள்ளே போனாள், அவர் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தார். கதவு சரியாகச் சாத்தவில்லை. ஒட்டுக்கேட்கக் கூடாதுதான், ஆனால் காதை எங்கே கழற்றி வைப்பது?

உள்ளே கேள்வி கேட்டார்கள், டீச்சர் பதில் சொன்னாள். கியர், பிரேக், சரிவு, மழை என்று போயிற்று. பிறகு கனமான ஒரு குரல், தலைமைப் பயிற்றுநராக இருக்கவேண்டும், “இவங்க டிஸ்க்கைப் போடுங்க” என்றது. பெரிய அறை, சுவரில் பெரிய ஸ்பீக்கர்கள். மருந்துக்கடைக்கார அம்மாவின் நடுக்கம் வராந்தா வரைக்கும் வந்தது. போகட்டும் என்று டீச்சர் சொன்னதும் வந்தது. அப்புறம் அந்த நீண்ட மௌனம். எஞ்சின் சத்தம்.

அந்த மௌனத்துக்கு நடுவே இன்னொரு குரல் கேட்டது. வீட்டில் மச்சினன் ஸ்பீக்கரைத் தணித்து வைத்து அவசர அவசரமாக வெட்டியபோது யாருக்கும் கேட்காத குரல். கேமராவுக்கு மிகப் பக்கத்தில் வாயை வைத்து யாரோ முணுமுணுத்தது.

“பாரேன், கையைக்கூடத் தூக்கல. என்ன பொறுமை இவளுக்கு. இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே.”

கவர்க்காரருக்குக் காது மடல் சுட்டது. இவர் குரல். இவரேதான். சொன்னது இவருக்கே ஞாபகமில்லை. உள்ளே நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“யாருங்க இது?” என்றது கனமான குரல்.

டீச்சர் சொன்னாள். “என் வீட்டுக்காரர்.”

“சரியாத்தான் சொல்லியிருக்கார். பதினாலு டிஸ்க் வந்துச்சும்மா. பதிமூணு பேர் எப்படி ஓட்டறதுன்னு ஓட்டிக் காமிச்சாங்க. அவங்க நல்லா ஓட்டறாங்கன்னு தெரிஞ்சுது. பக்கத்துல இருக்கறவங்களை ஓட்ட விட்டது நீங்க ஒருத்தர்தான்.”

கவர்க்காரர் எழுந்து வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் நடந்து திரும்பி வந்தார். உட்கார முடியவில்லை. திரும்பவும் நடந்தார்.

டீச்சர் வெளியே வந்தாள். அவரைப் பார்த்தாள், நேரே கார் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனாள். அவர் பின்னாலேயே ஓடினார். மைதானத்தில் காலிப் பேருந்துகள் வரிசையாக நின்றன, காக்கிச் சட்டை போட்ட பயிற்சி ஓட்டுநர்கள் முப்பது பேர் நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள், பெல்ட்டைப் போட்டாள். அவரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

“என்னம்மா சொன்னாங்க?”

“ஒண்ணாம் தேதி வந்து சேரச் சொன்னாங்க.”

அவருக்கு உச்சி குளிர்ந்தது. தொடையில் தட்டிக்கொண்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். அவள் மட்டும் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள்.

“பின்னாடி உக்காந்துக்கிட்டு என்னமோ முணுமுணுத்தீங்களே, அது என்ன?”

“அது… தானா வந்துடுச்சும்மா.”

“அன்னைக்கு எனக்குக் கேக்கலையே.”

“மெதுவாத்தான் சொன்னேன்.”

“இருபத்தொரு வருஷமா மெதுவாத்தான் சொல்லிக்கிட்டு இருந்தீங்களா?”

அவர் கையைப் பிசைந்தார்.

“இன்னொரு தரம் சொல்லுங்க” என்றாள் டீச்சர், நேரே எதிரே பார்த்தபடியே. “எனக்குக் கேக்கற மாதிரி.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது, முப்பது காக்கிச் சட்டைகள் பத்தடி தூரத்தில். கூச்சம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொன்னார். நூலகத்தில் அடக்கி அடக்கிப் பேசியே பழகிய குரலுக்கு அளவு தெரியவில்லை, கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

“என்ன பொறுமைடி உனக்கு. இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே.”

முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் அவசரமாகச் சாவியைத் திருகினாள், கியரைப் போட்டாள். கார் ஒரு குதி குதித்து, முக்கி, நின்றுபோனது. பதினெட்டு வருஷத்தில் அவள் கையில் ஒரு வண்டி அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. காக்கிச் சட்டைகளில் ஒருவன் சிரித்துவிட்டான், ஒண்ணாம் தேதி அவளிடம்தான் பாடம் கேட்கப் போகிறான் என்பது பாவம் அவனுக்குத் தெரியாது.

“என்னம்மா ஆச்சு வண்டிக்கு?” என்றார் கவர்க்காரர் பதறிப்போய்.

“வண்டிக்கு ஒண்ணும் இல்ல” என்றாள் டீச்சர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “கிளட்ச்லேருந்து சட்டுனு காலை எடுத்துட்டேன்.”